பொய்யாக அணைந்த இன்ஜின்

மலேசியாவின் ரெம்பாவ் வட்டாரத்தில் ஒரு செம்பனைத் தோட்டம். குலை வெட்டுகிறவர் நீளக் கழியில் கட்டிய அரிவாளை மட்டைக்குள் நுழைக்கிற நேரம், தலைக்கு மேல் சிறு விமானம் ஒன்று சீராக இரைந்துகொண்டு போகிறது என்று வையுங்கள். திடீரென்று இரைச்சல் அடங்குகிறது. காற்றைக் கிழிக்கும் மெல்லிய சீழ்க்கை மட்டும் கேட்கிறது. விமானம் இறங்குகிறது, ஒரு பக்கம் சாய்ந்து வளைகிறது, இன்னும் இறங்குகிறது. கீழே நிற்பவர் பக்கத்து நிரையில் இருப்பவரிடம், “இன்ஜின் நின்னுடுச்சுலா, விழப்போகுது!” என்று கத்துவதற்குள் மறுபடியும் உறுமல். மூக்கைத் தூக்கிக்கொண்டு மலாக்கா பக்கம் பறந்துவிடுகிறது.

மேலே நடந்தது ஒரு பொய். வலப்பக்க இருக்கையில் இருந்த பயிற்றுநர், மாணவருக்கு முன்னறிவிப்பு எதுவும் இல்லாமல் த்ராட்டிலைப் பின்னுக்கு இழுத்துவிட்டு, “உன் இன்ஜின் போய்விட்டது, என்ன செய்யப் போகிறாய்?” என்று கேட்டிருப்பார். விமானிகள் இதை பி.எஃப்.எல். என்பார்கள், பிராக்டிஸ் ஃபோர்ஸ்டு லேண்டிங். கட்டாயத் தரையிறக்கப் பயிற்சி. உலகில் இன்று விமானி உரிமம் வாங்குகிறவர்களில் அனேகமாக யாரும் இந்தப் பொய்யைக் கடக்காமல் வாங்க முடியாது.

ரெம்பாவ் இதற்கு வசதியான இடமில்லை என்பதுதான் அதன் சிறப்பு. மலாக்காவின் பத்து பிரண்டாம் விமான நிலையத்தில் மலேசியன் பிளையிங் அகாடமி விமானிகளைப் பயிற்றுவிக்கிறது. அங்கிருந்து ரெம்பாவ் சுமார் 40 கிலோமீட்டர். சிறு விமானத்துக்குக் கால்மணி நேரப் பறப்பு. இன்ஜின் நின்றுவிட்ட மாணவன் இங்கே கீழே பார்த்தால் என்ன தெரியும்? கிழக்கே சுமார் 880 மீட்டர் உயரத்துக்கு குனோங் டத்தோ மலை. அதன் அடிவாரம் தொடங்கி லிங்கி பக்கம் வரை மேடும் பள்ளமுமாகத் தோட்டம். ஒரு காலத்தில் ரப்பர் நின்ற சரிவுகளில் இன்று பெரும்பாலும் செம்பனை. மேலிருந்து பார்க்கும்போது செம்பனை மெத்தைபோல் பச்சையாகச் சமமாகத் தெரியும். அதை நம்பக் கூடாது. நடுவே கம்பத்து மலாய்க்காரர்களின் நெல்வயல்கள், நீளவாக்கில் ஒடுங்கிய கீற்றுகளாக. பெடாஸ் வழியாகப் போகும் வடக்கு–தெற்கு நெடுஞ்சாலை. அதன் குறுக்கே மின்கம்பிகள். எங்காவது ஒரு தமிழ்ப்பள்ளித் திடல். இவற்றில் ஒன்றை அரை நிமிடத்துக்குள் தேர்ந்தெடுக்க வேண்டும். தேர்ந்தெடுத்தபின் மனம் மாறக் கூடாது.

இப்படி ஒரு பயிற்சியை முதலில் யார் யோசித்தது? சரியான நிலையில் ஓடுகிற இன்ஜினை, ஆள் உட்கார்ந்திருக்கும்போதே, வானத்தில் வேண்டுமென்றே அடக்குவது என்பது சாதாரணப் புத்திக்கு எட்டுகிற காரியமா?

விமானம் பிறந்த காலத்தில் இந்தக் கேள்விக்கே இடமிருக்கவில்லை. ரைட் சகோதரர்கள் இன்ஜின் வைப்பதற்கு முன்பே, 1902ல், கிட்டி ஹாக் மணல்மேட்டில் நூற்றுக்கணக்கான தடவை இன்ஜின் இல்லாமலே மிதந்து இறங்கிப் பழகியவர்கள். அவர்களுக்கு இன்ஜின் பின்னால் வந்த சேர்க்கை. ஆனாலும் 1908 செப்டம்பர் 17ஆம் தேதி, அமெரிக்காவின் ஃபோர்ட் மையரில், ராணுவ அதிகாரி தாமஸ் செல்ஃப்ரிட்ஜைப் பக்கத்தில் உட்கார வைத்து ஆர்வில் ரைட் பறந்துகொண்டிருந்தபோது இறக்கைவிசிறி ஒன்று வெடித்துப் பிளந்தது. ஆர்வில் செய்த முதல் காரியம் இன்ஜினை நிறுத்தியது. மிதந்து இறங்கப் பார்த்தார். பிளந்த விசிறி வால்பகுதியின் கம்பியைப் பிடித்து இழுத்துவிட்டிருந்ததால் விமானம் கட்டுப்படவில்லை, தலைகுப்புற விழுந்தது. ஆர்வில் பலத்த காயத்தோடு பிழைத்தார். செல்ஃப்ரிட்ஜ் இறந்தார். இன்ஜின் விமானத்தில் பறந்து உயிர்விட்ட முதல் மனிதர் அவர்.

அடுத்த சில ஆண்டுகளில் ஐரோப்பாவில் விமானி உரிமம் என்ற ஒன்று வந்தது. அதன் தேர்வு விதிகளில் ஒரு வரி கவனிக்க வேண்டியது: தரையைத் தொடும் கணத்துக்குள் இன்ஜின் நிறுத்தப்பட்டிருக்க வேண்டும், குறித்த இடத்திலிருந்து 50 மீட்டருக்குள் விமானம் நிற்க வேண்டும். ஆக, அணைந்த இன்ஜினோடு இறங்குவது ஆரம்பத்திலேயே இருந்தது. ஆனால் அது தேர்வுக்கான வித்தை. எந்த இடத்தில் நிறுத்துவது என்பதை விமானியே முடிவு செய்தார். கீழே புல்வெளி தயாராக இருந்தது. இன்ஜின் தன் இஷ்டத்துக்கு, தான் நினைத்த இடத்தில் நிற்கும்போது மனிதன் என்ன செய்வான் என்பதை அந்தத் தேர்வு அளக்கவில்லை.

நிஜத்தில் மனிதன் என்ன செய்தான் என்றால், திரும்பினான்.

கிளம்பிய சிறிது நேரத்தில் இன்ஜின் இழுக்கவில்லை. முன்னால் மரங்கள், வீடுகள். பின்னால், இப்போதுதான் விட்டு வந்த அருமையான மைதானம். எந்த மனிதனின் கையும் விமானத்தை அங்கே திருப்பத்தான் போகும். திருப்பும்போது விமானம் சாய்கிறது. சாய்ந்த விமானத்தைத் தாங்க இறக்கைக்குக் கூடுதல் வேகம் வேண்டும். 45 பாகை சாய்ந்தால் சுமார் 19 விழுக்காடு கூடுதல். 60 பாகைக்கு 41 விழுக்காடு. இன்ஜின் இல்லாதவனிடம் அந்த வேகம் கிடையாது. மைதானம் எட்டாது போலிருக்கிறதே என்று மூக்கை இன்னும் கொஞ்சம் தூக்குகிறான். இறக்கை தாங்குவதை விட்டுவிடுகிறது. ஒரு பக்க இறக்கை முதலில் சரிய, விமானம் சுழன்றுகொண்டு தரையில் குத்துகிறது. ஸ்டால், அதைத் தொடர்ந்து ஸ்பின்.

வில்ஃப்ரெட் பார்க் என்ற பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி 1912 ஆகஸ்டில் சாலிஸ்பரி சமவெளிக்கு மேல் அப்படிச் சுழலில் சிக்கி, கடைசி நேரத்தில் சுக்கானைச் சுழற்சிக்கு எதிர்ப்பக்கம் மிதித்து மீண்டார். பலர் பார்த்திருக்க ஒருவர் சுழலிலிருந்து தப்பியது அதற்கு முன் அனேகமாக நடந்ததில்லை. ‘பார்க்கின் பாய்ச்சல்’ என்று அதற்குப் பேரே வைத்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் அவர் லண்டன் வெம்ப்ளி அருகே வேறொரு விமானத்தில், சரியாக இழுக்காத இன்ஜினோடு, விழுந்து இறந்தார். சுழலிலிருந்து மீளத் தெரிந்த அபூர்வ மனிதருக்கே இந்தக் கதி.

முதல் உலகப்போர் வந்ததும் இது தனிமனிதர் விதியாக இல்லாமல் தொழிற்சாலைக் கணக்கு ஆகிவிட்டது. ஆயிரக்கணக்கான பையன்களை அவசரமாக விமானிகளாக்க வேண்டியிருந்தது. அன்றைய பயிற்றுமுறை வேடிக்கையானது. பல விமானங்களில் மாணவன், ஆசிரியரின் தோளுக்கு மேல் எட்டி அவர் பிடியைத் தொட்டுப் பார்க்க வேண்டும். வானில் பேச வழி கிடையாது. ஆசிரியர் இன்ஜினைக் குறைத்துவிட்டுக் கத்துவார், அல்லது முதுகில் குத்துவார். ஆசிரியர்களாக வந்தவர்களில் பலர் போர்முனையில் களைத்துத் திரும்பியவர்கள். மாணவர்களை அவர்கள் ‘ஹன்கள்’ என்று அழைத்தார்கள். எதிரி ஜெர்மானியருக்கு வைத்த வசைப்பெயர் அது. எதிரியைவிட நம் விமானங்களை அதிகம் உடைப்பவன் மாணவன் என்ற கிண்டல். ஆபத்தானது எதையும் மாணவனுக்குக் காட்டாமல் இருப்பதே நல்ல பயிற்சி என்று நம்பினார்கள். சாய்ந்து திரும்பாதே, குறுக்குக் காற்றில் இறங்காதே, சுழல் பக்கமே போகாதே. போகாதே என்றால் போகாமலிருக்க, இன்ஜின் ஒத்துழைக்க வேண்டுமே.

அந்த இன்ஜினைப் பற்றியும் சொல்ல வேண்டும். அன்று பரவலாக இருந்த க்னோம் போன்ற ரோட்டரி இன்ஜினில் அச்சு அசையாது. சிலிண்டர்கள் உட்பட இன்ஜின் முழுவதும் விசிறியோடு சேர்ந்து சுற்றும். க்னோமின் பிரபலமான ஒரு வகையில் இன்றைய பொருளில் த்ராட்டில் என்று சொல்லத்தக்கது கிடையாது. மின்பொறியை விட்டுவிட்டு வெட்டித்தான் வேகத்தைக் குறைப்பார்கள். அதற்கு ஊற்றிய மசகு, விளக்கெண்ணெய். பெட்ரோலோடு கலந்து கரையாது என்பதால் அதைவிடப் பொருத்தமான எண்ணெய் அப்போது இல்லை. எரியாத எண்ணெய் விமானியின் முகத்திலும் சட்டையிலும் தெறிக்கும். உலகச் சந்தைக்கு ஆமணக்கு விதை பெருமளவு இந்தியாவிலிருந்து போனது. சென்னை மாகாணத்துப் புன்செய்க்காடுகளும் அதில் சேர்த்தி. குழந்தைக்குப் பேதிக்குக் கொடுக்கிற எண்ணெய் பிரான்சின் வானத்தில் எரிந்தது என்பதை நம் வீட்டுக் கிழவிகள் கேட்டிருந்தால் சிரித்திருப்பார்கள்.

இந்தக் குழப்பத்துக்குள்தான் ராபர்ட் ஸ்மித்-பேரி வருகிறார். 1886ல் பிறந்தவர், வசதியான அயர்லாந்துக் குடும்பம், யாருக்கும் அடங்காத குணம். போருக்கு முன்பே பறக்கக் கற்றவர். பிரிட்டனின் மத்திய விமானப் பள்ளியின் முதல் வகுப்பில் இருந்தவர். போர் தொடங்கிய சில நாட்களில், 1914 ஆகஸ்ட் 18 அன்று, பிரான்சில் பெரோன் ஊருக்கு அருகே அவருடைய விமானம் விழுந்தது. கூட வந்த மெக்கானிக் இறந்தார். ஸ்மித்-பேரியின் இரண்டு கால்களும் முறிந்தன. ஜெர்மன் படை ஊரைப் பிடிப்பதற்குள் மருத்துவமனையிலிருந்து தப்பினார். வாழ்நாள் முழுக்க நொண்டித்தான் நடந்தார்.

1916 ஜூலையில், சோம் போர் உச்சத்தில், 60ஆம் ஸ்குவாட்ரனின் தலைமை அவர் கைக்கு வந்தது. அதற்கு முன்னிருந்த தலைவர் கொல்லப்பட்டிருந்தார். இங்கிலாந்திலிருந்து புதிதாக வந்து இறங்கிய பையன்களைப் பார்த்தார். விமானத்தை நேராகப் பறக்கவிடத் தெரியும், அவ்வளவுதான். இவர்களைப் போர்முனைக்கு மேல் அனுப்புவதும் கொல்வதும் ஒன்று என்று அவருக்குத் தோன்றியது. மேலிடத்துக்குக் கடிதம் மேல் கடிதம் எழுதினார். பயிற்சியே தப்பு, ஆசிரியர்களுக்கே முதலில் கற்றுத்தர வேண்டும் என்று. ராணுவத்தில் இப்படி எழுதுகிறவனை வழக்கமாக என்ன செய்வார்கள் என்று நமக்குத் தெரியும். அதிசயமாக, “சரி, நீயே செய்து காட்டு” என்ற பொருளில் 1916 டிசம்பரில் தென் இங்கிலாந்தின் காஸ்போர்ட்டில் ஒரு பயிற்சிப் படையணியை அவரிடம் கொடுத்துவிட்டார்கள்.

அங்கே அவர் செய்ததை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடலாம்: ஆபத்தைக் காட்டாமல் மறைப்பதை நிறுத்தினார். மாணவனை உண்மையான விமானி இருக்கையில் உட்கார வைத்தார். ஆசிரியருக்கும் மாணவனுக்கும் இரட்டைக் கட்டுப்பாடு உள்ள ஆவ்ரோ 504 விமானத்தையே அடிப்படையாக வைத்துக்கொண்டார். பிறகு, இதுவரை எதையெல்லாம் செய்யாதே என்றார்களோ அதையெல்லாம் ஆசிரியர் பக்கத்தில் இருக்கும்போதே செய்ய வைத்தார். சுழலில் விழு, மீண்டு வா. குறுக்குக் காற்றில் இறங்கு. தரைக்கு அருகே சாய்ந்து திரும்பு. முன்பின் தெரியாத வயலில் இறக்கு. மாணவன் தப்பு செய்தால் உடனே பிடியைப் பறிக்காமல், தப்பு எங்கே கொண்டுபோகிறது என்று அவன் பார்க்கும்வரை ஆசிரியர் பொறுத்திருக்க வேண்டும். ஆசிரியருக்குத்தான் இதில் அதிகத் துணிச்சல் தேவைப்பட்டிருக்கும். ஆசிரியர்களுக்கென்றே தனிப் பள்ளி 1917 ஆகஸ்டில் அங்கே உருவானது.

இரண்டு பேரும் வானில் பேசிக்கொள்ள ஒரு கருவி வேண்டியிருந்தது. காஸ்போர்ட் குழாய் என்று அதற்குப் பெயர் நிலைத்தது. ஒரு முனையில் ஆசிரியர் பேசும் வாய்ப்புனல், மறுமுனை மாணவனின் தலைக்கவசத்துக் காதுகளில். மின்சாரம் எதுவும் இல்லை. வெறும் ரப்பர் குழாய். அந்த ஆண்டுகளில் உலகில் விளைந்த ரப்பரில் பாதியளவு மலாயாவில் இறங்கியது. ஐக்கிய மலாய் மாநிலங்கள் நான்கில், ரெம்பாவ் இருக்கும் நெகிரி செம்பிலானும் ஒன்று. விடியற்காலைப் பிரட்டில் பெயர் கொடுத்துவிட்டு மரத்துக்கு மரம் கோடு கீறியவர்கள் பெரும்பாலும் தமிழர்கள். டயரிலிருந்து குழாய் வரை விமானத்தில் பல இடங்களில் ரப்பர் இருந்தது. போதாதற்கு, பேராக்கைச் சேர்ந்த ஆல்மா பேக்கர் என்ற வெள்ளைக்காரத் துரை மலாயா முழுக்க நிதி திரட்டி, போர் விமானங்களையே வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். பேசும் குழாயும் விளக்கெண்ணெயும் பற்றி விமான வரலாற்று நூல்களில் பக்கம் பக்கமாக இருக்கிறது. பால் வெட்டியவர், ஆமணக்கு உடைத்தவர் அந்தப் பக்கங்களில் வருவதில்லை. இங்கே ஒரு பத்தியாவது அவர்களுக்கு.

காஸ்போர்ட்டில் படித்தவர்கள் பிரிட்டிஷ் ஆட்சி நடந்த இடமெல்லாம் ஆசிரியர்களாகப் போனார்கள். போர் முடிந்து பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் சிங்கப்பூர், கோலாலம்பூர், சென்னை எல்லாவற்றிலும் பிளையிங் கிளப்புகள் முளைத்துவிட்டன. எல்லாவற்றிலும் டி ஹாவிலண்ட் மாத் விமானம், எல்லாவற்றிலும் அதே பேசும் குழாய். 1931ல் வந்த டைகர் மாத், இரண்டாம் உலகப்போரில் மலாயாவிலும் இந்தியாவிலும் விமானிகளை உருவாக்கியது. இன்ஜினை இயக்க ஒருவர் முன்னால் நின்று விசிறியைக் கையால் சுழற்ற வேண்டும். வானில் நின்றால் சுழற்றிவிட ஆள் கிடையாது. மூக்கைக் கீழே சாய்த்துக் குத்தென்று பாய்ந்து காற்றால் விசிறியைச் சுழலவைத்துப் பார்க்கலாம். அதற்கு உயரம் வேண்டும். ஆகவே கிளைடு செய்து இறங்கக் கற்பது அதில் அன்றாடச் சாப்பாடு.

1948 முதல் 1960 வரை மலாயா அவசரகாலத்தில் இந்தத் தோட்டங்களுக்கும் காட்டுக்கும் மேலே தாழப் பறந்தவை பிரிட்டிஷ் 656ஆம் ஸ்குவாட்ரனின் ஆஸ்டர் விமானங்கள். ஒற்றை இன்ஜின், மேலே இறக்கை, துணிபோர்த்திய உடல். கீழே வயல் என்று சொல்லக்கூடியது கண்ணுக்கெட்டியவரை இல்லாத இடங்களில் நாள் முழுக்கச் சுற்றினார்கள். அங்கே ‘நல்ல இடம்’ பார்ப்பது என்றால் மரங்களில் எது பரவாயில்லை என்று பார்ப்பது.

மரத்தில் இறங்குவதற்கும் முறை இருக்கிறது. மரமுகட்டைத் தரை என்றே பாவித்து, காற்றுக்கு எதிராக, தாங்கக்கூடிய மிகக் குறைந்த வேகத்தில், இறக்கைகள் மட்டமாக இருக்க உட்கார வேண்டும். மரத்தைத் தவிர்க்கப் பார்த்துச் சாய்ந்து ஸ்டாலில் விழுவதைவிட, கட்டுப்பாட்டோடு மரத்துக்குள் போவது மேல். செம்பனைக்கும் இதே விதிதான்.

சரி, பொய்யாக இன்ஜின் அணைந்ததும் இன்றைய மாணவர் செய்வதென்ன? பரவலாக உள்ள செஸ்னா 172ஐ எடுத்துக்கொள்வோம். முதலில் மூக்கைச் சரிசெய்து வேகத்தைச் சுமார் 65 நாட் (knot) அளவுக்குக் கொண்டுவர வேண்டும். மேட்டிலிருந்து மிதிக்காமல் சைக்கிளை விடுவதுபோல, உயரத்தைக் கொடுத்து வேகத்தை வாங்குகிறோம். ஒரு பங்கு இறங்கினால் ஏறக்குறைய ஒன்பது பங்கு முன்னே போகும். 3,000 அடியில், அதாவது 900 மீட்டர் உயரத்தில் இன்ஜின் நின்றால், காற்றில்லாத நாளில் சுமார் 8 கிலோமீட்டர் போகலாம். கையில் நான்கு நிமிடம். மலை, மேடு இருந்தால் அதிலும் குறையும். அந்த நான்கு நிமிடத்துக்குள் இடம் தேர்வு. காற்று எந்தப் பக்கம்? புகை எங்காவது தெரிகிறதா? வயலின் நீளம், அதன் ஓரத்துக் கம்பி, வாய்க்கால். பிறகுதான் காரணம் தேடுவது: எரிபொருள் வால்வு, கலவைப் பிடி, மேக்னெட்டோ சாவி, கார்புரேட்டர் ஹீட். நின்றதற்குக் காரணம் பல தடவை சின்னதாகத்தான் இருக்கும். ஒரு தொட்டி காலியாகி, மறு தொட்டி நிரம்பியிருக்கும். காரணம் பிடிபடாவிட்டால் ரேடியோவில் ‘மேடே’ என்ற அபாய அழைப்பு. இறங்குவதற்குமுன் எரிபொருளை மூடி, மின்சாரத்தை அணைத்து, கதவைக் கொஞ்சம் திறந்து வைத்துவிட வேண்டும். மோதலில் சட்டகம் நெளிந்தால் கதவு சிக்கிக்கொள்ளும்.

இந்த வரிசையில் ரேடியோ எங்கே வருகிறது பாருங்கள். முதலில் பற, பிறகு வழி பார், பிறகுதான் பேசு என்பது விமானிகள் பால்பாடம். புதியவர்கள் கைக்கு முதலில் வருவது மைக்தான். யாரிடமாவது சொல்லிவிட்டால் பாரம் குறையும் என்ற மனித இயல்பு. மைக் பிடித்துக்கொண்டிருக்கிற வேளையில் வேகம் 50க்குப் போயிருக்கும்.

சரிபார்ப்புப் பட்டியல் இதற்குள் பிறகு வந்து சேர்ந்த சொந்தம். 1935 அக்டோபரில் போயிங்கின் பெரிய குண்டுவீச்சு விமானத்தின் சோதனைப் பறப்பில், கட்டுப்பாடுகளின் பூட்டை விடுவிக்க மறந்து கிளம்பி, விமானம் எரிந்து இரு விமானிகள் மாண்டார்கள். அதன் பிறகே தாளில் எழுதிய பட்டியல் விமானி அறைக்குள் நிலைத்தது. ஆனால் நான்கு நிமிட ஆட்டத்தில் தாள் இரண்டாமிடம்தான். முதல் சில செயல்கள் மனப்பாடமாகக் கையில் இருக்க வேண்டும். நேரமிருந்தால் தாளை எடுத்துச் சரிபார்க்கலாம்.

மலேசியா மாதிரி ஊருக்கு இந்தப் பொய்யில் ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. கார்புரேட்டரில் பனிக்கட்டி. வெளியே 30 டிகிரி வெயிலில், வேர்த்துக் கொட்டுகிற ஊரில், பனிக்கட்டியா என்று புதிதாகக் கேட்பவர்கள் நம்புவதில்லை. பெட்ரோல் ஆவியாகும்போது சூட்டை உறிஞ்சும். ஒடுங்கிய தொண்டையில் காற்று விரியும்போதும் குளிரும். இரண்டும் சேர்ந்து கார்புரேட்டருக்குள் 30 டிகிரிக்கும் மேல் சூட்டைக் குறைத்துவிட முடியும். நம் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமா? அது உள்ளே உறைந்து வழியை அடைக்கிறது. த்ராட்டில் மூடியிருக்கும்போதுதான் இது அதிகம் நடக்கும். அதாவது, இன்ஜின் நின்றதாக நடித்துக்கொண்டிருக்கும் அதே நேரத்தில் இன்ஜின் நிஜமாகவே நின்றுபோக எல்லா வசதியும் செய்து கொடுக்கிறோம். அதனால்தான் பயிற்றுநர் த்ராட்டிலை இழுக்குமுன் சூடான காற்றைத் திறக்கும் கார்புரேட்டர் ஹீட் பிடியை இழுக்கிறார். இறங்கும் வழியில் இடையிடையே இன்ஜினை உறுமவிட்டுச் சோதிக்கிறார். செம்பனை நிரையில் நிற்பவருக்கு, அடங்கிய சத்தம் நடுவே விட்டுவிட்டு எழுவது கேட்பது இதனால்தான்.

உறைந்த பனி இளகும்போது தண்ணீர் இன்ஜினுக்குள் போகும். இன்ஜின் இன்னும் மோசமாக உதறும். பழகாதவர் பயந்துபோய், பிடியைத் தள்ளி மூடிவிடுவார். பிடித்து வைத்திருந்தால் சில நொடியில் சரியாகியிருக்கும். இந்தச் சில நொடியைப் பொறுக்கிற மனம் படித்து வருவதில்லை. பக்கத்தில் ஆசிரியர் இருக்கும்போது ஒரு தடவை பார்த்திருந்தால் வரும்.

பொய்க்கும் எல்லை உண்டு என்பதை விமானப்படைகள் கடினமாகக் கற்றன. இரண்டு இன்ஜின் கொண்ட மீட்டியர் ஜெட் விமானத்தில், 1950களில், ஒரு இன்ஜின் நின்றால் சமாளிக்க வேண்டும் என்று பிரிட்டிஷ் விமானப்படை ஒரு இன்ஜினை அடக்கியே பயிற்சி கொடுத்தது. தானாக நின்ற இன்ஜின்கள் கொன்றதைவிட, பயிற்சிக்காக நிறுத்திய இன்ஜின்கள் அதிகம் பேரைக் கொன்றன என்று விமான வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். மருந்து நோயைவிடக் கொடியதாகிவிட்டது. இன்று பெரிய விமானங்களில் இந்த நாடகத்தைச் சிமுலேட்டருக்குள் அடைத்துவிட்டார்கள். அங்கே விமானி நூறு தடவை செத்தாலும் மத்தியானம் சாப்பிடப் போகலாம். சிறு விமானத்தில் மட்டும் இன்னும் நிஜ வானத்தில் நடக்கிறது, பொதுவாக 500 அடிக்குக் கீழே போகாமல் மீண்டு எழும் கட்டுப்பாட்டோடு. அந்த உயரத்தில் வயலில் இறங்கியிருக்க முடியுமா முடியாதா என்பது அனேகமாகத் தெரிந்துவிடும். கடைசி 500 அடிதான் கொல்லும், அதைப் பழகாமல் என்ன பயன் என்று வாதாடும் பயிற்றுநர்களும் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அதைக் காட்டுத் தோட்டத்தின் மேல் பழகாமல் ஓடுபாதையின் மேல் பழகலாமே என்பது என் கட்சி.

தமிழ்நாட்டுக்காரர்கள் நிஜமான கட்டாயத் தரையிறக்கம் ஒன்றைக் கண்ணாலேயே பார்த்தார்கள். 2025 நவம்பரில், சேலத்திலிருந்து பயிற்சிக்குக் கிளம்பிய சிறிய செஸ்னா ஒன்று கோளாறாகி, திருச்சி–புதுக்கோட்டை நெடுஞ்சாலையில் நார்த்தாமலை பக்கம் இறங்கியது. உள்ளே இருந்த இருவரும் பிழைத்தார்கள். லாரியும் பஸ்ஸும் ஓடும் சாலையில் முன்பக்கம் சிதைந்த விமானம் நிற்க, சுற்றிலும் கூட்டம் செல்பேசியோடு நின்றது. செய்திகள் ‘அதிசயம்’ என்றன. அதிர்ஷ்டம் இருந்திருக்கும், மறுக்கவில்லை. மதிய நேரச் சாலையில் இடைவெளி கிடைப்பது யார் கையிலும் இல்லை. ஆனால் அந்த நிலப்பரப்பை நினைத்துப் பாருங்கள்: பாறைக்குன்று, கண்மாய், கருவேலங்காடு, நடுவே நேர்க்கோடாகத் தார்ச்சாலை. பொய்யான இன்ஜின் கோளாறுகளில் எத்தனையோ தடவை இடம் தேர்ந்து பழகிய கண் மேலிருந்து எதைத் தேடுமோ, அதுதான் அங்கே இருந்தது.

காஸ்போர்ட்டின் ஆகக் கடைசி வாரிசு, வானத்தில்கூட நடப்பதில்லை. ஓடுபாதையின் முனையில், சக்கரம் உருளுமுன் நடக்கிறது. மாணவர் தன் திட்டத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டும், தனியாகப் பறக்கிற நாளிலும். பயிற்றுநருக்குப் பயிற்றுநர் சொற்கள் மாறும், சாரம் இதுதான்: ஓடும்போதே கோளாறு வந்தால் த்ராட்டிலை மூடி, பிரேக் போட்டு நிற்பேன். எழுந்தபின் வந்து, முன்னால் பாதை மிச்சமிருந்தால் அதிலேயே இறங்குவேன். பாதை முடிந்து 500 அடிக்குக் கீழே என்றால் மூக்கைத் தாழ்த்தி, நேரே முன்னால், இடமும் வலமும் கொஞ்சம் மட்டும் விலகி, கிடைத்த இடத்தில் இறங்குவேன். திரும்ப மாட்டேன்.